தந்தியில் போன கொலைகாரன்

தபாலாபீஸ் கவுன்டரில் இருந்த அம்மாள் என் கையிலிருந்து தந்திப் படிவத்தை வாங்கினார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு படித்தார். விலாசத்தைப் படிக்கும்வரை முகத்தில் ஒன்றுமில்லை. சேதியைப் படித்ததும் அவருடைய விரல் காகிதத்தின்மேல் அப்படியே நின்றது.

தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா என் பக்கம் குனிந்தார். "என்னடி எழுதின?" என்றார் என் காதோடு.

"நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"கொலைகாரன்னு எழுதிட்டியா?"

"குற்றவாளின்னுதாம்ப்பா எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே!"

சைகோன் ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்த நேரம் அது. வெளிநாட்டுக்கு ஒரு தந்தி அடிப்பதென்றால் அடிப்பவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தத் தந்தியில் 'குற்றவாளி' என்ற சொல்லும் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஓடிவிடலாமா என்று அப்பா வாசல் பக்கம் பார்த்தார். எனக்கோ, இந்த வயதில் இவருக்கு இது தேவையா என்று எரிச்சலாக வந்தது.

யார் குற்றவாளி, எதற்குத் தந்தி என்று சொல்ல வேண்டுமானால் குடைக்காரரிடமிருந்து தொடங்க வேண்டும்.

குடைக்காரர்

குடைக்காரர் என்று நாங்கள் சொன்னது தொலைக்காட்சியில் வாரம் ஒருமுறை வந்த ஒரு தனியார் துப்பறிவாளரை. ஏதோ ஒரு சோஷலிச நாட்டுத் தொடர். எந்த நாடு என்று எங்கள் தெருவில் யாரும் கவலைப்படவில்லை. உலக யுத்தத்துக்கு முந்தைய ஒரு பெரிய நகரம், ஈரத் தெருக்கள், குதிரை வண்டிகள், எல்லாம் கறுப்பு வெள்ளையில். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவர் கையில் ஒரு குடை இருக்கும். அதை அவர் விரித்து நான் பார்த்ததே இல்லை.

அவருடைய உண்மையான பெயர் வாயில் நுழையாது. வியட்நாமியர்கள் அவரைக் குடை ஐயா என்றார்கள். நாங்கள் குடைக்காரர் என்றோம்.

அந்த நாளைய வெளிநாட்டுப் படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். படத்தில் எத்தனை பேர் பேசினாலும் ஒரே ஒரு பெண்தான் எல்லோருக்குமாக வியட்நாமிய மொழியில் படித்துக்கொண்டு போவார். துப்பறிவாளர், பிணமாகக் கிடந்தவரின் மனைவி, போலீஸ்காரர், வண்டிக்காரர் என்று எல்லோருக்கும் ஒரே குரல். கோபத்துக்கும் அதே தொனி, காதலுக்கும் அதே தொனி. பின்னால் அந்த நாட்டு மொழி முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

எங்கள் சித்தி காரைக்காலில் பிறந்து கல்யாணமாகி வந்தவர். வியட்நாமிய மொழி அவருக்குச் சந்தையில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். முதல் இரண்டு வாரம் பார்த்துவிட்டு, "பாவம் அந்தப் பொம்பளை, அத்தனை பேருக்கும் இவளே சண்டை போட வேண்டியிருக்கு" என்றார். நல்ல மனசு சித்திக்கு.

ஒரு முட்டை

சென்ற இதழில் போபோ தோசையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் அரிசியே கிடைக்கவில்லையா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கிடைத்தது. ரேஷனில் கொஞ்சம் அரிசி, மீதிக்கு போபோ என்கிற, எவ்வளவு வெந்தாலும் பல்லில் சிக்கும் தானியம். அதை அரைத்து அம்மா தோசை வார்ப்பாள். அது தோசை என்று அம்மா சொன்னதால் தோசை.

அந்தப் பசி நாட்களில் குடைக்காரர் செய்த பெரிய பாவம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் காலையில் எழுந்து ஒரு முட்டை சாப்பிடுவார். சின்னக் கிண்ணத்தில் முட்டையை நிற்க வைத்து, கரண்டியால் தலையில் ஒரு தட்டுத் தட்டி, ஓட்டை மெதுவாக எடுப்பார். உப்புத் தூவுவார். எங்கள் கூடத்தில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. கொலை நடந்த காட்சிக்குக்கூட அத்தனை அமைதி இருந்ததில்லை.

"முட்டையைத் தின்னுட்டுக் கொலையைக் கண்டுபிடிச்சா என்ன, விட்டா என்ன" என்பார் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர். ஆனாலும் அடுத்த வாரம் முதல் ஆளாக ஸ்டூலோடு வந்துவிடுவார்.

மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி

எங்கள் வீடு த்ருவோங் டின் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. மாரியம்மன் கோயில் மணி அடித்தால் கேட்கும். வீடு இரண்டு ஆள் அகலம், ரயில் பெட்டி நீளம். கீழே நாங்கள். மேலே சித்தப்பா, சித்தி. அப்பாவும் சித்தப்பாவும் பென் தான் சந்தையை ஒட்டித் துணிக்கடை வைத்திருந்தார்கள். ஆட்சி மாறியபின் கடை கூட்டுறவுக்குப் போனது. அப்பா அங்கேயே துணி அளந்து கிழிக்கும் வேலையில் சேர்ந்தார். சித்தப்பா டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்கு இறக்கும் இடத்தில் காவலுக்குப் போனார்.

கடை நன்றாக நடந்த நாளில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கியதுதான் அந்த டிவி. நான்கு கால், மரப் பெட்டி, முன்னால் இழுத்துச் சாத்தும் கதவு. மாடிப்படி குறுகல் என்பதால் அது கீழே எங்கள் கூடத்திலேயே நின்றுவிட்டது.

பிற்பாடு மின்சாரம் இளைத்துப்போனது. படம் ஒரு கையகலத்துக்குச் சுருங்கிவிடும். அதைத் தூக்கிவிட சுர்வோல்தேர் என்ற ஓர் இரும்புப் பெட்டி வேண்டும். பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். திருகைத் திருகினால் உறுமிக்கொண்டு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும். கல் மாதிரிக் கனக்கும். அதைச் சித்தப்பா தன் பங்குக்கு எங்கோ தேடி வாங்கிவந்தார். அதனால் அது மேலே அவருடைய அறையில் இருந்தது.

டிவி கீழே, சுர்வோல்தேர் மேலே. இது ஏன் முக்கியம் என்றால், அண்ணனும் தம்பியும் அப்போது பேச்சுவார்த்தையில் இல்லை.

பேசாத இரண்டு பேர்

எங்கள் குடும்பத்துக்குக் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. ஆட்சி மாறியதும் காரைக்கால், புதுச்சேரிக் குடும்பங்கள் ஒன்றொன்றாகப் பிரான்சுக்குக் கிளம்பின. சித்தப்பா ஒருநாள் பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய்த் தன் பெயரையும் சித்தி பெயரையும் கொடுத்தார். கூடவே அப்பா, அம்மா, என் பெயர்களையும் கொடுத்துவிட்டு வந்தார். யாரையும் கேட்கவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

அப்பா மறுநாளே போய் எங்கள் பெயர்களை எடுக்கச் சொன்னார். திரும்பி வந்து, "என் பேரை எழுத நீ யாருடா?" என்று கேட்டார்.

"ஒங்க தம்பிண்ணே."

"தம்பின்னா கேக்கணும்."

அவ்வளவுதான் சண்டை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசவில்லை. கைகலப்புக்கூட இல்லாத சாதாரணச் சண்டைதான். ஆனால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிடிவாதம்.

பேசவில்லையே தவிர, சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. என் அம்மா வழியாக. அம்மா வியட்நாம்காரி, பெயர் லான். அப்பாவைக் கட்டிக்கொண்டு தமிழ் பேசக் கற்றவள். இந்த வீட்டுத் தமிழில் அவள் அதிகம் பேசிய வாக்கியம் "கேட்டுச்சா?" என்பதுதான்.

"லான், மேல இருக்கவருகிட்ட சொல்லு, தண்ணி மோட்டாரை நிறுத்தணும்னு."

"கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சு அண்ணி. கீழ உள்ளவங்ககிட்ட சொல்லுங்க, நிறுத்தியாச்சுன்னு."

மூன்று பேரும் நிற்பது ஒரே இடத்தில்தான். கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

குடைக்காரர் வரும் சாயங்காலம் சித்தப்பா சுர்வோல்தேரைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். அப்பா பார்க்காதது போல டிவியின் கதவைத் திறந்து வைப்பார். ஒரு நீள பெஞ்சு. இந்த ஓரத்தில் அப்பா, அந்த ஓரத்தில் சித்தப்பா, நடுவில் அம்மா. படம் முடிந்ததும் பெட்டி மறுபடி மாடிக்கு ஏறிவிடும். அதை ஏன் கீழேயே வைத்துவிடக் கூடாது என்று நான் ஒருமுறை கேட்டேன். அப்பா, சித்தப்பா இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

நகைக்கடைக்காரரைக் கொன்றது யார்?

தொடரில் சின்னச் சின்ன வழக்குகள் வந்து போகும். ஆனால் முதல் வாரத்தில் தொடங்கிய ஒரு கொலை மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டே போனது. ஒரு நகைக்கடைக்காரர் தன் அறையில் செத்துக் கிடந்தார்.

அப்பாவின் கட்சி, மனைவிதான் கொன்றாள். சித்தப்பாவின் கட்சி, குடும்ப டாக்டர்தான் கொன்றார். இரண்டு கட்சியும் அம்மா வழியாக மோதிக்கொள்ளும்.

"லான், சொல்லு, புருஷன் செத்த மறுநாளே தலை வாரிக்கிட்டு நிக்கிறா பாருன்னு."

"அண்ணி, சொல்லுங்க, டாக்டர் கையில பை இல்லாம வந்ததைக் கவனிச்சாங்களான்னு கேளுங்க."

அம்மா நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை அவளாகவே, "அந்தப் பியானோ கிழவன் எதுக்கு வாரா வாரம் வர்றான்? சும்மாவா சோறு போடுவாங்க?" என்றாள்.

நகைக்கடைக்காரர் மகளுக்குப் பியானோ சொல்லித் தரும் வாத்தியார் ஒருவர் உண்டு. பின்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருப்பார். பேசவே மாட்டார். பேசாததால் குரல் கொடுக்கும் பெண்ணுக்கும் அவர் வாயில் வைக்க ஒன்றும் இல்லை. நாங்கள் எல்லோரும் அவரை மேசை நாற்காலி போலத்தான் நினைத்திருந்தோம்.

"நான் சொன்னதை மட்டும் சொல்லு, போதும்" என்றார் அப்பா. அம்மா மறுபடி கடலை உரித்தாள். சேதி கொண்டுபோகிறவளுக்கும் ஒரு மூளை உண்டு என்று இந்த ஆண்களுக்கு எப்போதாவது தோன்றியிருக்குமா? எனக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு.

வாசலில் ஒரு வேண்டுகோள்

தொடர் முடிய ஒரே ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பாவுக்குப் பயண நாள் வந்துவிட்டது.

இரண்டு பெட்டிகள், ஒரு சாமி படம். வாசலில் மூன்று சக்கர லாம் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. சித்தி, போய்ச் சேரும் பிரான்ஸ் விலாசத்தை அம்மாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா கூடத்தில் நாள்காட்டிக்கு முன்னால் நின்று தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என்ன தேதி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சித்தப்பா காதில் பஞ்சு வைத்திருந்தார். கொஞ்சம் மழைக்காற்று பட்டாலும் அவருக்குக் காது வலிக்கும், சின்ன வயதிலிருந்தே. விமானத்தில் குளிரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

படியிறங்கியவர் திரும்பி நின்றார். அம்மாவிடம்தான் பேசினார். ஆனால் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்ணி, அண்ணங்கிட்ட சொல்லுங்க. கடைசி வாரம் பாத்துட்டு, யார் கொன்னதுன்னு எனக்கு ஒரு சேதி அனுப்பச் சொல்லுங்க."

அம்மா, "கேட்டுச்சா?" என்றாள்.

அப்பா நாள்காட்டியைவிட்டுத் திரும்பவில்லை. வண்டி சந்து முனையில் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகுதான் அப்பா நகர்ந்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் சுர்வோல்தேர் உட்கார்ந்திருந்தது. யாருக்காவது விற்றிருக்கலாம், கேட்டவர்கள் இருந்தார்கள். சித்தப்பா அதைக் கீழே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்பா அதன் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போகும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

கடைசி வாரம்

அப்போதெல்லாம் மின்சாரத்தை முறை வைத்து வெட்டுவார்கள். இன்றைக்கு இந்தப் பகுதி, நாளைக்கு அந்தப் பகுதி. கடைசி வாரத்தன்று எங்கள் பக்கம் தப்பித்தது, சோலோன் பக்கம் இருண்டது. சோலோனிலிருந்து தெரிந்தவர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சின் அந்த ஓரம் மட்டும் காலியாக இருந்தது. யாரோ உட்காரப் போனார். "அங்க ஆள் இருக்கு" என்றார் அப்பா.

குடைக்காரர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டினார். மனைவியைப் பார்த்தார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு குடையை நீட்டி, பின்னால் வாசித்துக்கொண்டிருந்த பியானோ வாத்தியாரைக் காட்டினார். வாசிப்பு நின்றது. வாத்தியார் அன்றுதான் முதன்முதலாக நீளமாகப் பேசினார். குரல் கொடுத்த பெண்ணுக்கே நெஞ்சடைத்தது என்று நினைக்கிறேன், ஓர் இடத்தில் தடுமாறினார்.

கூடம் முழுக்க ஒரே கூச்சல். அப்பா பழக்கத்தில் அந்தக் காலி ஓரத்துப் பக்கம் திரும்பினார். "லான், சொல்லு—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மாவிடம் வந்து நின்றார். "அவனுக்கு நீ ஒரு சேதி அனுப்பிடு. யாருன்னு."

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. "நான் அனுப்ப மாட்டேன். இத்தனை நாள் நடுவுல உக்காந்து எனக்கு இடுப்பு போச்சு. கேட்டது ஒங்களைத்தான். நீங்களே சொல்லுங்க."

அம்மா அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். கன்னியாஸ்திரீகள் பள்ளியில் படித்ததால் எனக்குப் பிரெஞ்சு எழுத வரும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

தபாலாபீஸ் வாசலில் வைத்து அப்பா தன் தந்திரத்தைச் சொன்னார். விலாசத்தில் சித்தியின் பெயரைப் போட வேண்டும். சேதி இப்படி இருக்க வேண்டும்: 'உங்கள் கணவரிடம் சொல்லவும், குற்றவாளி பியானோ வாத்தியார்.'

அம்மா ஒதுங்கினால் சித்தி. நடுவில் உட்கார ஆள் கிடைத்துவிட்டது. எழுதும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. இன்னொரு படிவம் வாங்கி எழுதினேன்.

கவுன்டரில்

கவுன்டர் அம்மாள் திரும்பி வந்தார். கூடவே ஓர் அதிகாரி. மெலிந்த ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனா. அந்த அம்மாளை அவர் மதாம் ஹான் என்று கூப்பிட்டார். அந்த அம்மாள் பழைய காலத்திலிருந்தே தபாலாபீஸில் இருந்தவர், பிரெஞ்சு தெரிந்தவர். அவர்கள் பேசியதெல்லாம் வியட்நாமிய மொழியில். இங்கே எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

அதிகாரி படிவத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்ன பாக்?"

பாக் என்றால் பெரியப்பா. வயதில் மூத்த யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதைகூட அப்பாவுக்குப் பயமாக இருந்தது.

"அது... டிவியில... குடை ஐயா..."

"பியானோ வாத்தியாரா?"

"ஆமாங்க."

"நல்லாப் பாத்தீங்களா? அவந்தானா?"

"அவனேதான். அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்."

அதிகாரி படிவத்தை மேசைமேல் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "சோய் ஓய்! கடவுளே! எங்க சோலோன்ல அன்னிக்குக் கரண்ட் இல்ல. ஞாயித்துக்கிழமை மறுபடி போடறாங்கன்னு ஆபீஸ்ல பாதிப்பேர் காத்துக்கிட்டிருக்கோம். யாரும் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு வச்சிருந்தேன். நீங்க எழுதியே கொண்டாந்துட்டீங்களே!"

பக்கத்துக் கவுன்டர் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். தாமதம், அவளும் கேட்டுவிட்டாள். வரிசையில் நின்ற ஒருவர், "அந்தக் கிழவனா? அவன் பேசவே மாட்டானே!" என்றார். இன்னொருவர், "வாயை மூடுய்யா, நான் இன்னும் பாக்கல" என்று கத்தினார். தபாலாபீஸே இரண்டு பட்டது.

மதாம் ஹான் மட்டும் அமைதியாக இருந்தார். அவர்தான் எல்லோருக்கும் முன்னால் படித்துத் தொலைத்தவர், இனிமேல் கவலை இல்லை. படிவத்தை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

"இது யாருக்கு?"

"தம்பி பொண்டாட்டிக்கு" என்றார் அப்பா.

"யார் படிக்கணும்?"

"தம்பி."

"ரெண்டு பேரும் ஒரே வீடுதானே? அப்ப தம்பி பேரைப் போட வேண்டியதுதானே. 'உங்கள் கணவரிடம் சொல்லவும்'னு இத்தனை சொல் எதுக்கு? ஒவ்வொரு சொல்லுக்கும் காசு." அந்த வரிமேல் நேராக ஒரு கோடு போட்டார்.

அடுத்தவர் கொண்டுவரும் காகிதத்தில் வீணான சொற்களை வெட்டுவது அவருடைய தினசரி வேலை. அந்தக் கோடு எங்கள் வீட்டில் எதை வெட்டியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் மகள், நானும் சொல்ல மாட்டேன் என்று நின்றேன்.

"எழுது" என்றார் அப்பா. "சிங்காரம்னு எழுது."

எழுதினேன். தம்பியின் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. 'குற்றவாளி பியானோ வாத்தியார்.' அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "லான் சொன்னதுதான் சரின்னு போடு."

போட்டேன். எனக்கு அங்கேயே ஆடவேண்டும் போலிருந்தது.

மதாம் ஹான் கையை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை. படிவத்தைப் பிடித்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல், "அங்க இப்ப குளிரா இருக்கும்ல?" என்றார்.

"இருக்கும்" என்றார் மதாம் ஹான்.

"அப்ப... காதுக்குப் பஞ்சு வச்சிக்கன்னு எழுதும்மா."

மதாம் ஹான் முழுவதையும் ஒருமுறை படித்தார். பேனா கடைசி வரியின்மேல் வந்தது. இதையும் வெட்டிவிடுவாரோ என்று எட்டிப் பார்த்தேன். வெட்டவில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெளியே வந்ததும் அப்பா எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றார். அப்புறம் என்னுடையதில் பாதியைக் குடித்தார்.

ஜன்னல்

பதில் வந்தது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த முதல் வெளிநாட்டுத் தந்தி. சந்தில் பாதிப்பேர் பார்க்கக் கூடிவிட்டார்கள். நான் பிரித்துப் படித்தேன்.

'பஞ்சு வைத்திருக்கிறேன் அண்ணே. அப்படியானால் ஜன்னலைச் சாத்தியது யார்?'

அப்பா மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடி படித்தேன். முதலில் சிரித்தார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதல் வாரம் நகைக்கடைக்காரர் அறையில் ஜன்னல் திறந்திருந்ததாம். பிணத்தைக் கண்டுபிடிக்கும்போது சாத்தியிருந்ததாம். குடைக்காரர் இதைக் கடைசிவரை விளக்கவில்லை. அப்பாவுக்கு ஜன்னல் ஞாபகமே இல்லை. தெருவில் கேட்டார், கூட்டுறவில் கேட்டார், கோயிலில் கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்த குருக்களிடமும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தபாலாபீஸுக்குப் போய் மதாம் ஹானிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பைப் பார்த்திருந்த அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

அங்கேயே நின்று அப்பா இரண்டாவது தந்தியைச் சொன்னார். மதாம் ஹான் வெட்ட அதில் ஒன்றுமே இல்லை.

'தெரியவில்லை. நீ வந்து சொல்.'

பெஞ்சு

சித்தப்பா வந்தார். உடனே இல்லை. அங்கே வேலை, இங்கே சட்டதிட்டம், பிறகு சித்தியின் உடம்பு. நாடு கதவைத் திறந்து, சந்தெல்லாம் மோட்டார் சைக்கிளாகி, எங்கள் வீட்டில் கலர் டிவி வந்த பிறகுதான் வந்தார். இடையில் தந்தி போய், கடிதம் போய், வருடப்பிறப்புக்குத் தொலைபேசியும் வந்துவிட்டது. ஆனால் நேரில் பார்த்துப் பேசுவது வேறு. அப்பா விமான நிலையத்துக்கு வர மறுத்துவிட்டார். முழங்கால் வலி என்றார். காலையிலிருந்து அதே முழங்காலோடு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்.

சித்தப்பாவை நான்தான் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் கூட்டிவந்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. அந்த வெயிலிலும் காதில் பஞ்சு.

உள்ளே வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. மாடிப்படியைத்தான் பார்த்தார். கடைசிப் படியில் சுர்வோல்தேர் அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. மின்சாரம் சரியானபின் அதற்கு வேலையில்லை. ஆனாலும் அதை எடைக்குப் போட அப்பா விட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் துடைத்து வைப்பார்.

சித்தப்பா குனிந்து அதைத் தூக்கினார். பழையபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தார்.

"மெதுவாடா" என்றார் அப்பா. "இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

சித்தப்பா அப்படியே நின்றார். பெட்டியை இறக்கவும் இல்லை. "ஜன்னலைச் சாத்துனது யாருன்னு மொதல்ல சொல்லுங்கண்ணே" என்றார்.

"நீ வந்து சொல்லுன்னுல்ல சொன்னேன்?"

"எனக்கும் தெரியாதுண்ணே."

அடுப்படியிலிருந்து அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காத்துதான் சாத்துச்சு" என்றாள். "வேற யாரு? இதுக்கா ரெண்டு பேரும் இத்தனை வருஷம்?"

அப்பாவும் சித்தப்பாவும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். பழக்கம், இவர் இந்த ஓரம், அவர் அந்த ஓரம். நடு இடம் அம்மாவுக்காகக் காத்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், அங்கே போகவில்லை. சித்தப்பா பக்கத்து ஓரத்துக்கு வந்து நின்றாள்.

"தள்ளி உக்காருங்க தம்பி. எனக்குக் கால் வலிக்குது. நான் ஓரமாத்தான் உக்காருவேன்."

சித்தப்பா தள்ளி உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னாள். அண்ணன் தோளில் தம்பி தோள் இடிக்கும்வரை அவள் விடவில்லை.